முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் திறக்காத கதவு

நீங்கள் எந்தப் பெட்டியில் உட்காரப் போகிறீர்கள் என்பது ரயில் நிலைய லவுஞ்ச், அதாவது தனிக் காத்திருப்பு அறையின் வாசலில் இருக்கும் ஸ்கேனருக்குத் தேவையில்லை. டிக்கெட்டை என்ன கட்டண வகையில் வாங்கினீர்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு. முதல் வகுப்பு என்று பளிச்சென்று எழுதிய டிக்கெட்டை நீட்டியவர் வெளியே நிற்பார். பின்னால் வந்தவர் அதே பெட்டிக்கான டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய் காபி எடுத்துக்கொண்டிருப்பார். ஸ்கேனரில் கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் வாங்கிய பொருள் வேறு வேறு, அவ்வளவுதான்.

இதைப் பார்க்க ஜெர்மனியே சரியான இடம். அந்நாட்டு ரயில் நிறுவனமான டாய்ச்ச பான் முதல் வகுப்பை இரண்டு விதமாக விற்கிறது. முழுக் கட்டணத்தில் வாங்குவது ஃபிளெக்ஸ்பிரைஸ். அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம், லவுஞ்சும் உண்டு. முன்கூட்டியே மலிவாக வாங்குவது ஷ்பார்பிரைஸ், சூப்பர் ஷ்பார்பிரைஸ். குறிப்பிட்ட ரயிலில்தான் போகமுடியும், லவுஞ்ச் கிடையாது. இரண்டுக்கும் சீட் ஒன்றுதான், வண்டிக்குள் கிடைக்கும் கவனிப்பும் ஒன்றுதான். ஆனால் பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் என்று எந்த லவுஞ்ச் வாசலிலும் இரண்டாவது டிக்கெட்டுக்குச் சிவப்பு விளக்குதான். அதே சமயம், அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கான பான்போனஸ் திட்டத்தில் தங்கம், பிளாட்டினம் என்ற உயர்நிலையை எட்டியவர் இரண்டாம் வகுப்பில் போனாலும் உள்ளே போகலாம். வகுப்புக்கும் கதவுக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் கதை வேறு. ஓபிபி நிறுவனத்தின் லவுஞ்சுகளுக்கு முதல் வகுப்பு டிக்கெட் பொதுவாகப் போதும். நைட்ஜெட் இரவு ரயிலில் தனியறை ஸ்லீப்பர் பெட்டியில் போகிறவர்களுக்கும் இடம் உண்டு. அதே ரயிலில் குஷெட் எனப்படும் பங்கு படுக்கையில் போகிறவர்களுக்கு இல்லை. பிரான்சில் வெறும் முதல் வகுப்பு டிக்கெட்டை வைத்துக்கொண்டு எஸ்என்சிஎஃப் நிறுவனத்தின் 'கிராண்ட் வோயாஜர்' சலூனுக்குள் போகமுடியாது. அடிக்கடி பயணம் செய்து உறுப்பினர் நிலை பெற்றவர்களுக்கும், உச்சக் கட்டணம் கொடுத்தவர்களுக்குமான இடம் அது.

ஆகவே டிக்கெட் வாங்கும்போது விலைக்குப் பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகள் இணைப்பைத் திறந்து 'லவுஞ்ச்' என்ற சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல் அங்கே இல்லையென்றால் அனுமதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் தளங்களிலும் ஆப்களிலும் வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். அவை கட்டண வகையின் பெயரைச் சுருக்கி 'முதல் வகுப்பு' என்று மட்டும் காட்டிவிடும். பணம் கட்டியபின் வரும் பிடிஎஃபில்தான் முழுப்பெயர் இருக்கும். அதற்குள் காலம் கடந்துவிடும். யூரெயில், இன்டர்ரெயில் மாதிரி பல நாட்டு ரயில்களுக்குச் செல்லும் பாஸ் வைத்திருப்பவர்கள் முதல் வகுப்பு பாஸ் என்பதை மட்டும் நம்பிப் போகவேண்டாம். பாஸுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனி விதி வைத்திருக்கிறது.

பெயர்களை நம்பாதீர்கள்

'பிசினஸ்', 'பிரீமியம்', 'எக்ஸிகியூட்டிவ்' என்ற சொற்களுக்கு ரயில் உலகத்தில் நிலையான பொருள் கிடையாது. அமெரிக்காவின் ஆம்ட்ராக் நிறுவனம் ஓட்டும் அசெலா ரயிலில் இருப்பதே இரண்டு வகுப்புகள்தான். அதில் பிசினஸ் கீழ்வகுப்பு, ஃபர்ஸ்ட் மேல்வகுப்பு. ஆம்ட்ராக்கின் மெட்ரோபாலிடன் லவுஞ்ச் அதில் ஃபர்ஸ்ட் டிக்கெட்டுக்குத்தான் திறக்கும். சீனாவின் அதிவேக ரயில்களில் இது தலைகீழ்: பிசினஸ் இருக்கைதான் உச்சம், முதல் வகுப்பு அதற்கு அடுத்தபடி. பெரிய நிலையங்களில் இருக்கும் தனிக் காத்திருப்பு அறை பிசினஸ் இருக்கைக்காரர்களுக்கு. 'முதல் வகுப்பு' என்று நிம்மதியாகப் போனால் பொது மண்டபத்தில்தான் உட்காரவேண்டும். இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சாரோசாவில் பிசினஸுக்கும் மேலே எக்ஸிகியூட்டிவ் என்று ஒன்று இருக்கிறது. லவுஞ்ச் உரிமை அதோடு வருகிறது. கனடாவின் வியா ரயிலில், டொரான்டோ – மாண்ட்ரியல் தடத்தில், பிசினஸ் டிக்கெட்டே போதும்.

பிரிட்டனில் இந்தக் குழப்பத்தை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவான்டி வெஸ்ட் கோஸ்ட் ரயிலில் ஸ்டாண்டர்டுக்கும் ஃபர்ஸ்ட்டுக்கும் நடுவில் 'ஸ்டாண்டர்ட் பிரீமியம்' இருக்கிறது. அகலமான சீட் கிடைக்கும், லவுஞ்ச் கிடைக்காது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகும் இரவு ரயிலான கலிடோனியன் ஸ்லீப்பரில் அறை எடுத்தவர்கள் எல்லோரும் படுத்துக்கொண்டுதான் போகிறார்கள் என்றாலும், லவுஞ்ச் உரிமை கிளப் அறைக்கும் டபுள் அறைக்கும்தான், கிளாசிக் அறைக்கு இல்லை. லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகப் பாரிஸ் போகும் யூரோஸ்டார் 2024 நவம்பரில் தன் வகுப்புப் பெயர்களை மாற்றியது: பிசினஸ் பிரீமியர் இப்போது 'பிரீமியர்', ஸ்டாண்டர்ட் பிரீமியர் இப்போது 'பிளஸ்'. லவுஞ்ச் பிரீமியருக்கு மட்டும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு 'ஸ்டாண்டர்ட் பிரீமியர்' என்ற பெயரில் இருந்த 'பிரீமியர்' என்ற சொல்லில் மயங்கினால் ஏமாற்றம்தான்.

இன்னொரு கண்ணி, ரயிலை ஓட்டும் நிறுவனம். லவுஞ்ச் பெரும்பாலும் நிலையத்துக்குச் சொந்தமானதல்ல, ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானது. எடின்பரோ வேவர்லி நிலையத்தில் இருப்பது எல்என்இஆர் என்ற ரயில் நிறுவனத்தின் லவுஞ்ச். லண்டன் பேடிங்டனில் இருப்பது ஜிடபிள்யூஆர் என்ற நிறுவனத்தின் லவுஞ்ச். ஒரே ஊருக்குப் போகும் வேறொரு நிறுவனத்தின் முதல் வகுப்பு டிக்கெட் அங்கே செல்லாமல் போகலாம். (அந்த பேடிங்டன் லவுஞ்சைத் தேடுபவர்கள் முதலாம் பிளாட்பாரத்துக்குப் போகவேண்டும். விக்டோரியா மகாராணிக்கான அரச குடும்பக் காத்திருப்பு அறையாக இருந்த இடம் அது. இப்போது அங்கே நாம் செல்போனுக்கு சார்ஜ் போடுகிறோம்.)

காசு கொடுத்து நுழையும் வழியும் சில இடங்களில் இருக்கிறது. ஆம்ட்ராக் சில நிலையங்களில் பிசினஸ் வகுப்புக்காரர்களுக்கு ஒருநாள் பாஸ் விற்கிறது, ஆனால் கூட்டம் அதிகமானால் நிறுத்திவிடுவார்கள். புதுதில்லியில் ஐஆர்சிடிசி நடத்தும் எக்ஸிகியூட்டிவ் லவுஞ்ச் முழுக்கவே மணிக்கணக்குக் கட்டணத்தில் ஓடுவது. டிக்கெட்டின் வகுப்பை வைத்து அங்கே இலவசமாகப் போகமுடியாது.

வாசலில்

டிக்கெட் சரியானதாக இருந்தும் கதவு திறக்காமல் போவதற்குச் சில அற்பக் காரணங்கள் உண்டு. போன் திரையின் வெளிச்சம் குறைவாக இருந்தால் ஸ்கேனர் டிக்கெட்டின் பார்கோடைப் படிக்காது. முழு வெளிச்சத்தில் வையுங்கள். இருண்ட நிறப் பயன்முறையில் சில ஆப்கள் பார்கோடையும் கறுப்புப் பின்னணியில் காட்டும், அப்போதும் இதே தொல்லைதான். திரையில் கீறல் அந்தப் பார்கோடின் மேலேயே விழுந்திருந்தால் பிடிஎஃபைத் திறந்து பெரிதாக்கிக் காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை, ஆகவே ஆப்பிலோ பிடிஎஃபிலோ மூல டிக்கெட் இருக்கட்டும். அதை நிலையத்துக்கு வருமுன்பே இறக்கி வைத்துவிடுங்கள். லவுஞ்சின் வைஃபை லவுஞ்சுக்கு உள்ளேதான் கிடைக்கும், டிக்கெட் வெளியே தேவைப்படும்.

நான்கு பேருக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் ஒன்றாகப் போங்கள். டிக்கெட் ஒருவர் போனில் மட்டும் இருக்க, மற்றவர் முன்னாலேயே வந்து வாசலில் நிற்பது வீண்வேலை. விருந்தினரை அழைத்துப் போகும் உரிமை சிலருக்கு உண்டு, ஆனால் அது உறுப்பினர் நிலையோடு வருவது. டிக்கெட்டை மட்டும் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இல்லை. வழியனுப்ப வந்தவர்களை உள்ளே கூட்டிப்போகலாம் என்று சொல்லி வைத்துவிடாதீர்கள்.

நேரக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். ஆம்ட்ராக்கிலும் டாய்ச்ச பானிலும் பயண நாளில், புறப்படுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் பயன்படுத்தலாம். புறப்படுவதற்கு முன்பு மட்டும் என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. நிபந்தனையில் 'புறப்பாடு' என்ற சொல் மட்டும் தனியாக நின்றால் அதற்கு அர்த்தம் இதுதான். இரவு ரயிலில் வந்து இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. காலை ஆறரைக்கு இறங்கி, ஹோட்டல் அறை மதியம்தான் கிடைக்கும் என்றால், குளியலறை உள்ள லவுஞ்ச் ஒன்று கிடைப்பது அந்த நாளையே காப்பாற்றும். ஆனால் எல்லா லவுஞ்சிலும் ஷவர் இல்லை. சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் இருக்கும் பெரிய மெட்ரோபாலிடன் லவுஞ்சில் உண்டு.

சிகாகோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் ரயில் லவுஞ்சுக்கு உண்மையான வேலை இருக்கும் ஊர் அது. அமெரிக்காவின் மேற்குக்கரைக்குப் போகும் நெடுந்தூர ரயில்கள் அங்கிருந்து பிற்பகலில் கிளம்புகின்றன. கிழக்கிலிருந்து வருபவை காலையில் வந்து சேர்கின்றன. நடுவில் பல மணி நேரம். ஸ்லீப்பர் டிக்கெட் வைத்திருப்பவர் பெட்டியை லவுஞ்சில் வைத்துவிட்டு ஊர் சுற்றிவிட்டு வரலாம். ரயில் ஏறும் நேரத்தில் ஊழியர்கள் ரயில்வாரியாகக் கூப்பிட்டு அழைத்துப்போவதும் உண்டு. பெட்டி தூக்க 'ரெட்கேப்' என்ற சிவப்புத் தொப்பிக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் சேவைக்குக் கட்டணம் இல்லை. அன்பளிப்பு தருவது வழக்கம். பெட்டியைக் கொடுக்கும்போது அதற்கான சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் ஐம்பது சூட்கேஸ்கள் நிற்கும் இடத்தில் ஞாபகசக்தியை நம்பமுடியாது. மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர் மூன்றும் கைப்பையில் இருக்கவேண்டும்.

உள்ளே

காபி, தண்ணீர், பிஸ்கட், கழிப்பறை, வைஃபை, மின்செருகி. பெரும்பாலான லவுஞ்சில் இவ்வளவுதான். விமான நிலைய லவுஞ்சை மனதில் வைத்துக்கொண்டு பசியோடு போகாதீர்கள். சாப்பாடு தரும் இடங்கள் உண்டு என்றாலும் அதை எதிர்பார்த்து வெளியே சாப்பிடாமல் வருவது சரியான கணக்கு இல்லை. கழிப்பறையை மட்டும் குறைவாக மதிப்பிடவேண்டாம்: ஐரோப்பாவின் பல நிலையங்களில் பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை போட்டால்தான் தடுப்பு நகரும்.

வைஃபையில் இணைந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால், ஒப்புதல் பக்கம் வரவில்லை என்று பொருள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அது அந்தப் பக்கத்தை வரவிடாது. அணைத்துவிட்டு மறுபடி இணையுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். வங்கி வேலைகளைச் சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்வது நல்லது.

உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஜன்னலைவிடப் புறப்பாட்டுப் பலகைக்கு முதலிடம் கொடுங்கள். மின்செருகி அடுத்தது. மூலையில் இருக்கும் சாய்வு நாற்காலி சுகமானதுதான், ஆனால் அங்கிருந்து பலகை தெரியாது. லவுஞ்சின் அமைதி ஒரு காரணத்தோடு வருகிறது: நிலையத்தின் ஒலிபெருக்கி அறிவிப்புகள் பல லவுஞ்சுகளில் கேட்காது. யாரும் வந்து தோளைத் தட்டி எழுப்பமாட்டார்கள். வசதியான நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரயிலைக் கோட்டைவிடுபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

கிளம்பும் கணக்கு

ரயில் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜெர்மனியின் அதிவேக ரயிலான ஐசிஇ-யின் இரண்டு தொடர்களை இணைத்த ரயில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். யூரோஸ்டாரின் 16 பெட்டி ரயிலும் அப்படியே. சூட்கேஸ் இழுத்துக்கொண்டு கூட்டத்தில் நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டர் போனால் பெரிது. அதாவது பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 400 நொடி, ஏழு நிமிடத்துக்குச் சற்றே குறைவு. முதல் வகுப்புப் பெட்டிகள் பெரும்பாலும் ரயிலின் ஒரு முனையில் இருக்கும். நீங்கள் படியிறங்கும் இடத்திலிருந்து அது எதிர்முனையாக இருக்கும் நாள் நிச்சயம் வரும்.

இதற்கு மேல் மாடி ஏறி இறங்கும் நேரம். 2006-இல் திறந்த பெர்லின் மத்திய நிலையத்தில் ஒருசில தடங்கள் தெருமட்டத்துக்கு மேலே பத்து மீட்டர் உயரத்தில், மற்றவை பதினைந்து மீட்டர் ஆழத்தில். லிஃப்ட் கண்ணாடிக் குழாயில் அழகாக வரும், ஆனால் மெதுவாக வரும். தள்ளுவண்டியோடு நான்கு குடும்பங்கள் முன்னால் நிற்கும். லிஃப்டை நம்பி இருப்பவர் ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளவேண்டும். கதவு மூடுவதும் சரியாகப் புறப்படும் நொடியில் அல்ல. பல நிறுவனங்கள் அதற்கு முன்பே, சில இடங்களில் இரண்டு நிமிடம் முன்னதாகவே, மூடிவிடும்.

எல்லாவற்றையும் கூட்டினால்: நடை ஏழு, மாடி ஐந்து, கதவு இரண்டு. 10.30 ரயிலுக்கு 10.15-க்கு நாற்காலியை விட்டு எழுந்தால் ஒரே ஒரு நிமிடம் மிச்சம். அதனால் 10.10 நல்லது. வாசலில் டிக்கெட் தடுப்பு இருக்கும் நிலையம் என்றால் 10.07.

ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கும்: பெட்டி வரிசை தலைகீழாக மாறுவது. பிளாட்பாரம் ஏ, பி, சி என்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று ஆப்பில் முன்கூட்டியே தெரியும். ரயில் எதிர்த்திசையில் திரும்பி வந்தால் ஏ-யில் நிற்கவேண்டியது மறுகோடியில் போய் நிற்கும். அறிவிப்பு வந்ததும் பிளாட்பாரத்தில் இருக்கும் கூட்டம் மொத்தமும் இரண்டு திசையிலும் ஓடும். அந்த நேரத்தில் லவுஞ்சிலிருந்து இறங்குபவர் தன் பெட்டியைத் தேடுவதைவிட, எதிரே திறந்திருக்கும் கதவில் ஏறிவிட்டு உள்ளே நடப்பதே புத்தி. ஒரு எச்சரிக்கை: இரண்டு தொடர்களை இணைத்த ரயிலில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே வழி இருக்காது. சில வண்டிகளில் இரண்டு பாதியும் நடுவழியில் பிரிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போகும். ஏறுமுன் கதவோரத் திரையில் ஊர்ப்பெயரைப் பாருங்கள்.

நியூயார்க்கில் சிக்கல் வேறு விதம். அங்கே தட எண்ணைக் கடைசிச் சில நிமிடங்களில்தான் பலகையில் போடுவார்கள். 2021 ஜனவரி 1 அன்று திறந்த மொய்னிஹான் ரயில் மண்டபத்தில் லவுஞ்ச் மேல்தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே மண்டபத்தைப் பார்க்கலாம். எண் வரும்வரை மேலேயே உட்கார்ந்திருந்தால், எண் வந்ததும் இறங்கும் கூட்டத்தின் வாலில் சேரவேண்டியிருக்கும். ஸ்லீப்பரிலும் அசெலா ஃபர்ஸ்ட்டிலும் சீட் ஒதுக்கப்பட்டது என்பதால் பதற்றம் வேண்டாம், ஆனால் சூட்கேஸ் வைக்கும் இடம் ஒதுக்கப்பட்டதல்ல.

யூரோஸ்டார் லவுஞ்சு பற்றி ஒரே வரி: லண்டனிலும் பாரிசிலும் அது பாதுகாப்புச் சோதனைக்கும் பாஸ்போர்ட் சோதனைக்கும் உள்ளே. போனபின் திரும்பி வரமுடியாது. ஊரில் பார்க்கவேண்டியவர்களைப் பார்த்துவிட்டு, வாங்கவேண்டியதை வாங்கிவிட்டு நுழையுங்கள்.

எப்போது காசுக்குத் தகும்

லவுஞ்சுக்காக மட்டும் கட்டணத்தை உயர்த்துவது பெரும்பாலும் தண்டச்செலவு. அரைமணி நேரக் காத்திருப்புக்கு, அதில் இருபது நிமிடம் நடைக்கே போய்விடும் நிலையில், வித்தியாசத்தொகையில் வெளியே நல்ல சாப்பாடே சாப்பிடலாம். முழுக் கட்டண டிக்கெட்டை ரயில் மாற்றும் சுதந்திரத்துக்காக எப்படியும் வாங்குகிறீர்கள் என்றால் லவுஞ்ச் அதோடு வரும் உபரி, அனுபவியுங்கள். இரண்டு நெடுந்தூர ரயில்களுக்கு நடுவே நான்கு மணி நேரம், கூட வயதானவர், வெளியே உறையும் குளிர் என்றால் கணக்கு மாறிவிடும்.

தாமதம் வரும்போதும் மாறும். டிக்கெட் கவுன்டரில் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது லவுஞ்சின் வரவேற்பு மேசையில் இரண்டு பேர் மட்டும் நிற்பார்கள். ஆம்ட்ராக் லவுஞ்ச் ஊழியர்கள் டிக்கெட் மாற்றியும் தருவார்கள். தாமதம் என்று தெரிந்த உடனே அந்த மேசைக்குப் போங்கள், அறை முழுக்க எழுந்து வரும்வரை காத்திருக்கவேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், சேருமிடத்தில் 60 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதமும் 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம் என்பது பொது விதி, விலக்குகள் உண்டு. லவுஞ்சில் காபி குடித்ததால் அந்த உரிமை போய்விடாது.

கடைசி ரயில் தாமதமானால் மட்டும் லவுஞ்ச் கைகொடுக்காது. பல லவுஞ்சுகள் கடைசி ரயிலுக்கு முன்பே மூடிவிடுகின்றன, வார இறுதியில் இன்னும் சீக்கிரம். உங்கள் ரயில் 22.40-க்கு என்றிருந்து, 'ஒரு மணி நேரம் தாமதம்' என்று பலகை மாறி, கதவில் '22.00' என்று எழுதியிருந்தால், மூடுவதற்கு அரைமணி முன்பே போனை முழுசாகச் சார்ஜ் செய்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மேசையில் இருப்பவரிடம் அடுத்த வழி என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள். விளக்கை அணைக்கும் நேரத்தில் கேட்டால் அவருக்கும் வீட்டுக்குப் போகும் ரயில் இருக்கும்.